பூட்ஸைக் கழட்டு

பையைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க சார். கோச்சுக்காதீங்க. உங்க மேல சந்தேகம்னு இல்ல. சந்தேகம் இருந்திருந்தா சட்டையவே கழட்டச் சொல்லியிருப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் சுரங்க வாசல்ல சோதனை போட்ட கை இது. ஷிப்டு முடிஞ்சு மேல வர்ற ஒவ்வொருத்தனையும் தடவிப் பாத்து வெளிய அனுப்புன கை. தங்கம் சார், தங்கம். குண்டுமணி அளவு கல்லுல ஒட்டிக்கினு வந்தாலும் கம்பெனி சொத்து. வாயில அடக்குவான், தலைமயிருல சொருகுவான், சோத்துத் தூக்குக்கு அடியில ஒட்ட வைப்பான். ரிடையர் ஆகி அஞ்சு வருஷமாச்சு, இன்னும் வீட்டுக்கு யாராவது வந்தா கை தானா நீளுது. என் மாப்பிள்ளை தலைதீவாளிக்கு வந்தப்போ அவரையும்... விடுங்க, அது வேற கதை.

சால்வை ஒண்ணு. காயிதம் ஒரு கட்டு. மூக்குக் கண்ணாடி. வாழைப்பழம். சரி, உக்காருங்க.

ஆமா, நான் தான் தீர்த்தகிரி. அப்பா பேரு கன்னியப்பன். சுரங்கக் குடியிருப்புல பதினாலாம் லைன், இதே வீடு. நீங்க போட்ட ரெண்டு லெட்டரும் வந்துச்சு. பதில் போடல. ஏன் போடலன்னு கேக்கறீங்களா? நாப்பது வருஷம் கழிச்சு, பட்டாளத்துக்காரங்க சங்கம்னு சொல்லிக்கினு எவனோ ஒருத்தன், 'உங்க வீரத்துக்கு மரியாதை பண்ணப் போறோம், மெடலோட வாங்க'ன்னு எழுதறான்னா அவனுக்கு ஏதோ வேணும்னு அர்த்தம். அந்த மெடல் வேணும். இல்லன்னா என் கையெழுத்து வேணும். சும்மா மரியாதை பண்றதுக்கு எவனும் பெங்களூர்லேருந்து ரயில் ஏறி வர மாட்டான்.

சாலம்மா, சாருக்கு ஒரு டீ போடு. உள்ள இருக்கறது என் வீட்டுக்காரி. காது நல்லா கேக்கும் அவளுக்கு. நாம பேசுறது அத்தனையும் அங்க கேக்கும்.

அது இருக்கட்டும். வாசல்ல செருப்பைக் கழட்டுனதுலேருந்து பாக்கறேன், நீங்க ஏன் என் காலையே பாத்துக்கினு இருக்கீங்க? பேசுறது வாய், பாக்கறது கால். என் தொழில்ல இதெல்லாம் கவனிக்காம இருக்க முடியாது. ஒருத்தன் எங்க பாக்கறான்னு பாத்தா, அவன் என்னா தேடறான்னு தெரிஞ்சிடும். என் கால்ல ஒண்ணும் இல்ல சார். நல்ல காலு. மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க.

சரி, நேரா விஷயத்துக்கு வர்றேன். நீங்க தேடி வந்த ஆள் நான் இல்ல. பேரு என்னுது தான். மெடல் ஓரத்துல இங்கிலீஷ்ல வெட்டியிருக்கிற பேரும் என்னுது தான். ஆனா நான் பட்டாளத்துக்கே போகல. துப்பாக்கியைத் தொட்டது கூடக் கிடையாது. போனது எங்க அண்ணன் அபிமன்னன். என் பேரை எடுத்துக்கினு போனான், என் பேருல சண்டை போட்டான், என் பேருல மெடல் வாங்கினான். செத்துப் பதினாறு வருஷமாச்சு.

பாத்தீங்களா, மூஞ்சி மாறுது. இவன் சொல்றது நெசமா, டபாய்க்கிறானான்னு யோசிக்கிறீங்க. நல்லா யோசிங்க. நான் உங்க எடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன். ஆனா ஒண்ணு, மோசடி பண்ணது நான் இல்ல, அவன். மொதல்லேருந்து சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

அபிமன்னன் என்னைவிட ஆறு வருஷம் பெரியவன். ஃபுட்பால் ஆடுவான். இந்தத் தங்கவயல்ல துரைமாருங்க பொழுதுபோக்குக்குக் கொண்ணாந்த ஆட்டம் அது. அவங்க பூட்ஸ் போட்டுக்கினு ஆடுவாங்க. நம்மாளுங்க வெறுங்கால்ல, கணுக்காலைச் சுத்தி துணி கட்டிக்கினு ஆடுவாங்க. அந்தப் பூட்ஸுக்கு எதிர வெறுங்கால்ல மொத மொத நின்ன செட்டுல எங்க அண்ணன் ஒருத்தன். லெஃப்ட் அவுட், இடது ஓரத்துல ஆடுறவன். எல்லாமே இடது கால் தான் அவனுக்கு. நொட்டாங்கால் அபிமன்னன்னு சொன்னா பங்காரப்பேட்டை ஸ்டேஷன் போர்ட்டருக்குக் கூடத் தெரியும். என்னை எவனுக்கும் தெரியாது. 'யாரு, நொட்டாங்கால் தம்பியா?'ம்பானுங்க. ஸ்கூல் வாத்தியாரே அப்படித் தான் கூப்பிடுவாரு. எனக்குன்னு ஒரு பேரு இருக்கறதே பல பேருக்குத் தெரியாது. இதை ஞாபகம் வச்சிக்கோங்க. இருந்த அந்த ஒரு பேரையும் அவன் தான் எடுத்துக்கினு போனான்.

அவனுக்குன்னு ஒரு அடி இருந்துச்சு. கரண்டின்னு பேரு. ஓடி வந்து ஓங்கி உதைக்கிறதெல்லாம் இல்ல. பந்து கெடக்கிற எடத்துலயே இடது கால் வெரலை அதுக்கு அடியில சொருகி, பருப்பு மொள்ளுற மாதிரி மொண்டு மேல விட்டுடுவான். எதிர்ல நிக்கிறவன் தலைக்கு மேல போயி அந்தாண்ட விழும். ஓட எடம் வேணாம், ஓங்க எடம் வேணாம். நாலு பேரு நெருக்கிக்கினு நின்னாலும் சரி, நடுவுலேருந்து பந்து எழும்பும். கிரவுண்டே 'கரண்டி, கரண்டி'ன்னு கத்தும். வீட்டுல பால் டின்னை வச்சிப் பழகுவான். கக்கூஸ் செவுத்துக்கு இந்தாண்ட நின்னு அந்தாண்ட விடுவான், செவுத்துல படக் கூடாது. நான் அந்தாண்ட நின்னு டின்னைப் பொறுக்கித் திருப்பிப் போடணும். ஆறு வருஷம் டின் பொறுக்கினேன் சார். ஒரு நாளாவது 'நீ அடிடா'ன்னு சொன்னானா? சொன்னான், ரெண்டு மூணு வாட்டி. நான் தான் மாட்டேன்னுட்டேன். எனக்கு வலது கால்.

நாப்பத்தி ரெண்டுல, சண்டைக் காலத்துல, ஆள் எடுக்க வந்தாங்க. பேண்டு வாசிச்சிக்கினு வந்து கிரவுண்டுலயே மேசை போட்டு உக்காந்தாங்க. எனக்குப் பதினெட்டு வயசு. நேராப் போயி பேரு குடுத்தேன். அந்த கிளார்க்கு 'தீர்த்தகிரி, தகப்பன் கன்னியப்பன்'னு எழுதுனான் பாருங்க. நொட்டாங்கால் தம்பின்னு எழுதல. அது போதும்னு இருந்துச்சு. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில பங்காரப்பேட்டை ஸ்டேஷனுக்கு வரணும்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. வீட்டுல அம்மா கத்துனா. அண்ணன் மட்டும் கத்தல. சீட்டை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுக் குடுத்துட்டான். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. என்னாத்துக்குத் திருப்பிப் பாக்கணும்?

வியாழக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போகணும். அதே வாரம் ஞாயித்துக்கிழமை கப்பு ஃபைனல். புதன்கிழமை எனக்கு ஜுரம் வந்துடுச்சு. நூத்தி மூணு டிகிரி.

இருமல் கேக்குதா? சாலம்மா தான். ஒண்ணுமில்ல, அடுப்புப் புகை.

அந்த வாரம் பர்மாவுலேருந்து நடந்தே வந்தவங்க ரெண்டு பேரு எங்க லைனுக்கு வந்திருந்தாங்க. ஒருத்தனுக்கு ஒரு கண்ணு இல்ல. வழியில பாத்ததையெல்லாம் உக்காந்து சொன்னான். எல்லாரும் கேட்டாங்க, நானும் கேட்டேன். அதுக்கும் ஜுரத்துக்கும் சம்பந்தம் இல்ல. சில பேரு அப்படிச் சேத்துப் பேசுனானுங்க, அதனால சொல்றேன்.

கம்பளியைப் போத்திக்கினு படுத்திருந்தேன். அண்ணன் பிராக்டிஸ் முடிஞ்சு வந்தான். வந்து என் நெத்தியில கை வச்சான். வச்ச கையை ரொம்ப நேரம் எடுக்கல. அம்மாவைப் பாத்தான். அம்மா அடுப்பைப் பாத்துக்கினு இருந்தா. காலையில எழுந்து பாக்கறேன், ஆளைக் காணோம். தலைகாணிக்கு அடியில வச்சிருந்த சீட்டையும் காணோம். கணுக்கால்ல சுத்துற துணி ரெண்டையும் அழகா சுருட்டி என் தலைமாட்டுல வச்சிட்டுப் போயிருந்தான். கேலி பாருங்க. எனக்கு எதுக்கு சார் அந்தத் துணி?

ஆள் எடுக்கிற துரைக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணு தானே? சீட்டு இருந்தா சரி, ஏத்திக்கினு போயிட்டாங்க. தீர்த்தகிரி பட்டாளத்துல சேந்தாச்சு. தீர்த்தகிரி இங்க கம்பளிக்குள்ள படுத்திருக்கான். இதுக்குப் பேரு என்னா? திருட்டு தானே?

ஞாயித்துக்கிழமை ஃபைனல் நாலுக்குப் பூஜ்யம் தோத்தோம். லெஃப்ட் அவுட் எடத்துல ஒரு மளிகைக் கடைப் பையனை எறக்குனாங்க, பாவம், அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல. எதிர் டீமு பெங்களூர்லேருந்து வந்தது. அதுல சம்பங்கின்னு ஒரு பழைய ஹவில்தார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை டீக்கடைக்குப் பின்னால அவனும் எங்க அண்ணனும் குசுகுசுன்னு பேசிக்கினு இருந்ததை நான் இந்தக் கண்ணால பாத்தேன். ஃபைனலுக்கு அஞ்சு நாள் முன்ன எதிர் டீம்காரன் கிட்ட என்னா பேச்சு? விலை போயிட்டான், அதை மறைக்கத் தான் பட்டாளத்துக்கு ஓடிட்டான்னு நான் சொன்னேன். லைன்ல முக்கால்வாசிப் பேரு நம்புனாங்க. டீக்கடைக்காரன் வேற கதை சொன்னான். பட்டாளத்துல எப்படி நடத்துவாங்க, நெஞ்சுல பலம் இல்லாத பதினெட்டு வயசுப் பையன் தாங்குவானான்னு அண்ணன் கேட்டானாம், 'தாங்க மாட்டான்'னு சம்பங்கி சொன்னானாம். டீக்கடைக்காரனுக்கு அண்ணன் மேல ரொம்பப் பிரியம். அப்படித் தான் சொல்லுவான்.

ரெண்டு வருஷம் போச்சு. நாப்பத்தி நாலுல ஒரு மத்தியானம் தந்தி வந்துச்சு. போஸ்ட்மேன் படிக்கிறான், 'தீர்த்தகிரிக்குப் போர்முனையில பலத்த காயம்.' படிச்சிட்டு என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாக்கறான். நான் லுங்கி கட்டிக்கினு பல்லு குத்திக்கினு நிக்கிறேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க சார். அம்மா மட்டும் சிரிக்கல. என் சட்டையைப் புடிச்சிக்கினு, என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து, 'அபிமன்னா, அபிமன்னா'ன்னு அழுதா. உயிரோட முன்னால நிக்கிற புள்ளையைக் கட்டிக்கினு வேற பேரு சொல்லி அழுதா எப்படி இருக்கும், சொல்லுங்க. அன்னிக்கே சொல்லி வச்சேன், இவன் வந்தா நான் பேச மாட்டேன்னு.

வந்தான், அடுத்த வருஷம். அதுக்குள்ள எனக்கும் சாலம்மாவுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, ஒரே ரூம் வீடு. அவனுக்குச் சுரங்க ஸ்டோர்ல வேலை குடுத்தாங்க, ஸ்டோருக்குப் பின்னாலயே ஒரு ரூம்ல தங்கிக்கினான். வந்த அன்னிக்கு இங்க தான், வாசப்படியில நின்னான். உள்ள வரல. பூட்ஸைக் கழட்டணும்ல, அதனால வரல. அப்ப எனக்கு அது புரியல. பையிலேருந்து மெடலை எடுத்து என் கையில வச்சான். 'இந்தா தீர்த்தா. உன் பேருக்கு ஒரு கெட்ட பேரும் வராம கொண்ணாந்துட்டேன்'னான். எப்படிக் குத்துறான் பாருங்க. மெடலை வாங்கித் தகர டப்பாவுல போட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதுல தான் இருக்குது, பட்டன், ஊக்கு எல்லாத்தோடயும்.

மறுபடி பந்தைக் காலால தொடல அவன். டீமுல வந்து கெஞ்சுனாங்க. ஆடுறவங்களைப் பாத்துக்கினு கிரவுண்டு ஓரமா நிப்பான், பந்து பக்கத்துல உருண்டு வந்தா கையால எடுத்துக் குடுப்பான். நொட்டாங்கால் அபிமன்னன் கையால எடுத்துக் குடுக்கறான்! எனக்குச் சந்தேகம் வருமா வராதா? வெயில்லயும் பூட்ஸ், மழையிலயும் பூட்ஸ், கோயிலுக்கு வந்தா வெளியவே நின்னு கும்புட்டுட்டுப் போயிடுவான். பூட்ஸைப் பாத்தாலே சிரிச்ச மனுஷன், கழட்டவே மாட்டேங்கிறான்.

அதுக்குள்ள நான் கேட்டுல சோதனை வேலைக்கு வந்துட்டேன். நடையைப் பாத்தே சொல்லிடுவேன் சார், எவன் எதை எங்க வச்சிருக்கான்னு. வாயில வச்சவன் எச்சி முழுங்க மாட்டான். மடியில வச்சவன் அகட்டி நடப்பான். பூட்ஸுக்குள்ள வச்சவன் அந்தக் காலை முழுசா ஊன மாட்டான், குதிகாலை மட்டும் வச்சு எடுப்பான். எங்க அண்ணன் இடது காலை அப்படித் தான் வச்சு எடுத்தான். தெனம் ஸ்டோர்லேருந்து வரும்போது பாக்கறேன், அதே நடை. மத்த ஷிப்டுல இருந்தவனுங்க பட்டாளத்து மெடல்காரன்னு சலாம் வச்சு அனுப்பிடுவானுங்க. என் ஷிப்டுல அதெல்லாம் கிடையாது. ஆனாலும் பூட்ஸை மட்டும் விட்டு வச்சேன். ஆறு வருஷம் விட்டு வச்சேன். அண்ணன்னு தான்.

அம்பத்தி ஒண்ணுல ஒரு நாள் சாயங்காலம். ஷிப்டு விட்டு நூறு பேரு வரிசையில நிக்கறாங்க. அவன் வந்தான். அன்னிக்கு என்னமோ அந்த நடை ரொம்பக் கண்ணை உறுத்துச்சு. 'பூட்ஸைக் கழட்டு'ன்னேன்.

அவன் மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, 'வேணாம் தீர்த்தா. உள்ள ரூமுக்கு வர்றேன், அங்க காட்டறேன். இத்தனை பேரு முன்னால வேணாம்'னான்.

ஒளிச்சு வச்சிருக்கறவன் எல்லாம் அப்படித் தானே சொல்லுவான்? நான் உரக்கவே சொன்னேன், 'எல்லாருக்கும் ஒரே ரூல். பூட்ஸைக் கழட்டு.'

தரையில உக்காந்து கழட்டுனான். பூட்ஸோட முன்பக்கத்துல ஒரு துணி உருண்டை அடைச்சிருந்துச்சு. காலுக்கு முன்பாதி இல்ல சார். வெரலே இல்ல. மொழுக்குன்னு, பாதி காலு.

வரிசையில நின்னவங்க எட்டிப் பாத்தாங்க. நானா? நான் டியூட்டியில இருந்தேன். அந்தத் துணி உருண்டையை எடுத்துப் பிரிச்சேன். மடிப்பு மடிப்பாப் பிரிச்சு, உதறி, வெரலால தடவிப் பாத்தேன். பூட்ஸுக்குள்ள கையை விட்டு அடி வரைக்கும் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அவன் அந்தக் காலை நீட்டிக்கினு, நான் தேடி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தான். அப்புறம் யாரோ ஒருத்தன், 'என்னாண்ணே ஆச்சு?'ன்னு கேட்டான். 'லாரி ஏறிடுச்சுப்பா'ன்னான். 'பட்டாளத்துல பின்னால வந்த லாரி.' சொல்லும்போது கேட்டவனைப் பாக்கல. என்னையே பாத்துக்கினு சொன்னான்.

அப்ப எனக்கு அடுத்த சந்தேகம். லாரி ஏறுனவனுக்கு எதுக்கு மெடல்? ரெண்டுல ஒண்ணு பொய். பட்டாளத்துலேருந்து வந்த ஒருத்தன் ஒரு தடவை பொதுவாச் சொன்னான், சண்டை வேணாம்னு ஊருக்குத் திரும்ப நெனைக்கிறவன் தன் காலைத் தானே சுட்டுக்குவான்னு. நான் டீக்கடையில அதைத் தான் சொன்னேன். யார் பேரும் சொல்லல. 'எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்குது'ன்னு மட்டும் தான் சொன்னேன். அந்த வருஷம் அவனுக்குக் குப்பம் ஊருலேருந்து ஒரு பொண்ணு பேசி முடிவாகி இருந்துச்சு. அவங்க காதுக்குப் போச்சு போல, வேணாம்னுட்டாங்க. அதுக்கு நானா பொறுப்பு? கேட்டிருக்கலாம்ல என்னை நேரா வந்து? அவனும் கேக்கல. அதுக்கப்புறமும் தீவாளிக்குத் தீவாளி என் புள்ளைங்களுக்குத் துணி எடுத்துக்கினு வந்து வாசப்படியில நின்னு குடுத்துட்டுப் போவான். எனக்கு அதுவும் சந்தேகம். குத்தம் பண்ணாதவன் எதுக்கு இப்படித் தலையைக் குனிஞ்சிக்கினு போகணும்?

அறுபத்தி ஒம்போதுல நெஞ்சுச் சளி முத்தி ஆஸ்பத்திரியில செத்தான். கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல, நான் தான் கொள்ளி வச்சேன். பெத்த அம்மா அதுக்கு முன்னாலயே போயிட்டா. என் கதை அவ்ளோ தான். எனக்கு ஜுரம், அவன் என் பேரைத் திருடுனான். நூத்தி மூணு டிகிரி சார், கண்ணைத் தொறக்க முடியல எனக்கு.

இருமறா பாருங்க. ஏய் சாலம்மா, தண்ணி குடி. இவ அப்போ பக்கத்து வீடு, பதினாலு வயசுப் பொண்ணு. அன்னிக்கு இவங்க அம்மா குடுத்து அனுப்புன கஞ்சியைக் கொண்ணாந்து குடுத்தவ இவ தான். ரெண்டு கிண்ணம் குடிச்சேனாம், ஊறுகாய் கேட்டேனாம். ஜுரக்காரனுக்கு நாக்கு கேக்காதா?

சரி. அந்தக் காயிதக் கட்டுலேருந்து எதையோ எடுத்துக் கையில வச்சிக்கினு இருக்கீங்களே, என்னா அது? மெடல் எதுக்குக் குடுத்தாங்கன்னு எழுதுன காயிதமா? அப்படி ஒண்ணு இருக்குதா? எங்ககிட்ட காட்டவே இல்ல அவன். மெடலை மட்டும் தான் குடுத்தான். படிங்க. இங்கிலீஷை அப்படியே படிக்காதீங்க, தமிழ்ல சொல்லுங்க. எதையும் விட்டுடாம சொல்லுங்க.

பள்ளம். சரி, பதுங்குற பள்ளம். ஏழு பேரு. நெருக்கடி. குண்டடி பட்ட ஒருத்தனை இவன் ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு பள்ளத்துல எறங்குறான். சரி. அப்போ ஒரு கையெறி குண்டு வந்து நடுவுல விழுது.

இருங்க. யாரு பாத்தாங்க இதை? ஏழு பேரும் சாட்சியா? கையெழுத்து போட்டிருக்காங்களா? ஆபீசர் போட்டிருக்காரா. சரி, மேல சொல்லுங்க.

இன்னொரு வாட்டி சொல்லுங்க. எந்தக் காலு?

இடது காலால. இடது காலால அதை... என்னா போட்டிருக்குது சரியா? உதைச்சான்னா, தூக்குனான்னா? பாத்துச் சொல்லுங்க சார், அது முக்கியம்.

தூக்கி. வெளிய தூக்கிப் போட்டான்.

கரண்டி. கரண்டி போட்டிருக்கான் சார். குண்டைக் கரண்டி போட்டிருக்கான்.

பள்ளத்து விளிம்பைத் தாண்டுன உடனே வெடிச்சிடுச்சு. மேல நீட்டியிருந்த அந்தக் காலுல பாதி போச்சு. ஏழு பேருக்கும் ஒண்ணும் ஆகல. கையில இருந்தவனும் பொழைச்சான். அப்ப அதான் வந்ததுலேருந்து என் காலைப் பாத்துக்கினு இருந்தீங்களா? பாதி காலு இல்லாத தீர்த்தகிரியைத் தேடி வந்தீங்க, இவனுக்கு ரெண்டும் முழுசா இருக்குதேன்னு பாத்தீங்க. சரி தான். நானா இருந்தாலும் அங்க தான் பாத்திருப்பேன்.

இது நெசமான்னு நீங்க என்னைக் கேக்க வேணாம், நான் சொல்றேன். நெசம் தான். ரெண்டு கையிலயும் ஆளு. சுத்தி நெருக்கிக்கினு ஏழு பேரு. ஓட எடமில்ல, ஓங்க எடமில்ல. அந்த எடத்துலேருந்து அதை அலுங்காம மேல எடுத்து விட வேற எவனாலயும் முடியாது. ஆறு வருஷம் டின் பொறுக்குன எனக்குத் தெரியும். இந்த உலகத்துல எனக்கு மட்டும் தான் நல்லாத் தெரியும்.

அப்புறம் ஏன் சார் லாரின்னான்? நூறு பேரு நின்னாங்க, நெசத்தைச் சொல்லியிருந்தா அங்கயே தோள்ல தூக்கியிருப்பானுங்க. என்னை உதைச்சிருப்பானுங்க. ஏன் சொல்லல?

இல்ல, நீங்க சொல்லாதீங்க. இருங்க.

சொல்லியிருந்தா அடுத்த கேள்வி அது தான். 'மெடல்ல ஏன் உன் தம்பி பேரு இருக்குது? நீ ஏன் அவன் எடத்துக்குப் போனே?' அதுக்கு அவன் பதில் சொல்லணும். என் கேட்டுல, என் ஷிப்டுல, நான் காக்கி போட்டுக்கினு நிக்கும்போது, அவன் அதுக்குப் பதில் சொல்லணும். அதான் என்னையே பாத்தான். 'லாரின்னு சொல்லிட்டேன்டா, பயப்படாதே'ன்னு பாத்திருக்கான். நான் அவன் கால் துணியைப் பிரிச்சுத் தங்கம் தேடிக்கினு இருந்தேன். அண்ணே. ஐயோ, அண்ணே.

ஒண்ணுமில்ல. டீயைக் குடிங்க, ஆறிடுச்சு.

அந்தச் சால்வையை உள்ள வைங்க சார். மேடைக்கெல்லாம் நான் வர மாட்டேன். மெடல் டப்பாவுல இருக்குது, எடுத்துத் தர்றேன், ஓரத்துல இருக்கிற பேரை அழிச்சு எழுத முடியுமான்னு கேளுங்க. பேனா இருக்குதுல்ல? எழுதிக்கோங்க. மெடல் வாங்கினது அபிமன்னன், கன்னியப்பன் மகன், லெஃப்ட் அவுட். தம்பி தீர்த்தகிரி சாட்சி. கையெழுத்து போடறேன். பேரு எப்படி மாறுச்சுன்னு உங்க ஆபீஸ்ல கேப்பாங்க. கேக்கணும். கேக்காம விட்டா அது ஆபீஸே இல்ல. அதனால அதையும் எழுதிக்கோங்க.

புதன்கிழமை எனக்கு ஜுரம் இல்ல. அரை டிகிரி கூட இல்ல. அந்த ஒத்தைக் கண்ணு ஆளு சொன்னதைக் கேட்டுப் பயந்துட்டேன். அவன் நெத்தியில கை வச்சப்போ என் ஒடம்பு சில்லுனு இருந்துச்சு, அவன் கை தான் சூடா இருந்துச்சு. அவன் தெரிஞ்சிக்கினான்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் கண்ணை மூடிக்கினு தான் படுத்திருந்தேன். காலையில அவன் தலைகாணியைத் தூக்கிச் சீட்டை எடுத்தப்போ கூட முழிச்சிக்கினு தான் இருந்தேன். எழுதிட்டீங்களா?

சாலம்மா. ஏய் சாலம்மா, இப்ப ஏன்டி இருமல?